சிங்காரவேலு பூக்கட்டிப் பார்த்த ஆட்டம்

சிங்காரவேலு அண்ணனுக்குக் கால்பந்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு வருஷமாக ஜெர்மனியில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் கிரெப்பிட்ஸ் என்ற ஊரின் அணி ஆடுகிற ஆட்டங்களை டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனாலும் ஆஃப்சைடு என்றால் என்னண்ணே என்று கேட்டுப் பாருங்கள். "ஓரத்துல ஒருத்தன் கொடியத் தூக்குவான், எல்லாரும் நின்னுடுவாங்க. ஏன் நின்னாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்பார். என்னைக் கேட்டாலும் அதற்குமேல் சொல்லத் தெரியாது.

எங்கள் ஊர் பழுப்பு நிலக்கரி மைன்ஸில் அவர் பக்கெட் வீல் மிஷின் ஆபரேட்டர். நான்கு மாடிக் கட்டட உயரத்துக்கு ஒரு மிஷின். அதன் முன்னால் சுற்றுகிற சக்கரத்தில் வரிசையாக வாளிகள். அவை மண்ணை வாரி பெல்ட்டில் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்த பெல்ட்டில் வேலை பார்க்கிறவன் நான். என் பெயர் ஜாஸ்பர். குவார்ட்டர்ஸிலும் பக்கத்து வீடு. இருபத்தேழு வருஷமாகப் பார்க்கிறேன், கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குக் குழப்பமே கிடையாது. எங்கே மண் இளகும், எங்கே பாறை தட்டும், எப்போது சக்கரத்தைப் பின்வாங்க வேண்டும் எல்லாம் கைக்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் வேறு ஆள். கத்திரிக்காயா வெண்டைக்காயா என்று செல்லக்கிளி அண்ணி கேட்டால்கூட ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு "நீயே பாத்து செய்யேன்" என்று நழுவிவிடுவார்.

பெரிய காரியம் என்றால் பூதான். வேலுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போய், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சன்னதியில் வைத்து, கோயிலுக்கு வந்த ஏதாவது ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். மந்தாரக்குப்பத்தில் மனை வாங்கியது பூ. அண்ணிக்கு ஆபரேஷன் செய்தது பூ. மகள் இசைப்பிரியாவை இன்ஜினீயரிங்கில் சேர்க்காமல் நர்ஸிங்கில் சேர்த்ததும் பூ. இதில் அவருக்குக் கறாரான சட்டம் ஒன்று உண்டு. பொட்டலத்துக்குள் எந்தப் பூ என்று தெரிந்த ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது. அவர்களே கட்டினாலும் கட்டிவிட்டு வெளியே போய்விட வேண்டும். தெரிந்தவர் நின்றால் அந்தப் பூ செல்லாது. ஒரு தடவை கட்டிக்கொடுத்த பூக்காரம்மா போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார் என்று முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி கட்ட வைத்தார்.

நான் அவரைக் கிண்டல் செய்வேன். ஆனால் அளவோடுதான் செய்வேன். எங்கள் லுத்தரன் சபையிலும் புதுவருஷ ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் பைபிள் வசன அட்டையில் ஒன்றை எடுத்து, அந்த வருஷத்துக்குக் கர்த்தர் நமக்குச் சொன்னது இதுதான் என்று பர்ஸில் வைத்துக்கொண்டு திரிகிறவர்கள்தான் நாங்கள். என் பர்ஸில் இப்போதும் ஒன்று இருக்கிறது.

இசைப்பிரியா கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே ஜெர்மன் படித்தாள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு மாதிரித் தெரிந்தது. பரீட்சை எழுதினாள், பாஸானாள், ஆன்லைனில் இன்டர்வியூ வைத்தார்கள், ஒருநாள் கிரெப்பிட்ஸ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தே விட்டது. மார்ச் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று முடிவு சொல்ல வேண்டும். நான்கு மாசம் இருந்தது. அண்ணன் அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஜாஸ்பரு, அந்த ஊரு எப்டிப்பட்ட ஊருப்பா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எங்கள் சபையை ஆரம்பித்தது ஜெர்மனிக்காரர்கள் என்று நான் எப்போதோ பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு எனக்கு ஜெர்மனியும் தெரியும், ஜெர்மனும் தெரியும் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும்.

இசைப்பிரியாவே செல்போனில் அந்த ஊரைக் காட்டினாள். தெரு, சர்ச், பாலம், ஒரு பேக்கரி. அண்ணனுக்குத் திருப்தி இல்லை. "எல்லாம் போட்டோ. ஒரு ஆளும் அசைய மாட்டேங்குறான். நாலு பேரு நடமாடுறத பாத்தாத்தான ஊரு தெரியும்?" என்றார். அவரது நச்சரிப்பு தாங்காமல் அவள் தேடிப் பார்த்ததில் அகப்பட்டதுதான் அந்தக் கால்பந்து அணி. நாலாவதோ ஐந்தாவதோ டிவிஷன். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த ஊரில் ஆடுகிற ஆட்டத்தை அணியே நேரலையில் காட்டுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களும் சந்தா கட்டிப் பார்க்கலாம். டிவியில் அதைப் போட்டுக் கொடுத்தாள். திரையின் மூலையில் அணியின் சின்னம் வந்தது. வட்டத்துக்குள் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி வாளிகள்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "நம்ம மிஷினு!" என்றார்.

அங்கேயும் பழுப்பு நிலக்கரிதானாம். அந்த ஊரே சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊராம். அன்றைக்கே அவர் கிரெப்பிட்ஸ் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் பார்த்த கூத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஆட்டம் பகல் இரண்டு மணிக்கு. நமக்கு சாயங்காலம் ஆறரை. இரண்டாவது ஷிப்ட் வாரமாக இருந்தால் யாரையாவது பிடித்து ஷிப்டை மாற்றிக்கொள்வார். நான்கு மணியிலிருந்தே குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆட்டம் தொடங்கினால் பந்தைப் பார்க்க மாட்டார். பந்து இந்தப் பக்கம் போனால் அவர் கண் அந்தப் பக்கம் போகும். மைதானத்துக்குப் பின்னால் யார் நடக்கிறார்கள், பொம்பளைப் பிள்ளைகள் தனியாக வருகிறார்களா, குடித்துவிட்டு யாராவது கலாட்டா செய்கிறார்களா, மழை வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, இதுதான் அவர் ஆட்டம். ஒரே ஒரு கேமரா. அதை ஒரு கம்பத்தின் மேல் வைத்து யாரோ திருப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேமராக்காரர் பந்தின் பின்னாலேயே ஓடுவது அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், ஆளுங்கள காட்டுய்யா! நீயெல்லாம் ஒரு ஆபரேட்டரா?" என்று ஆட்டத்துக்கு ஆட்டம் திட்டினார்.

முதல் ஆட்டத்தில் வேறு பனி கொட்டியது. தரையெல்லாம் வெள்ளை. கிரெப்பிட்ஸ்காரர்களின் சட்டையும் வெள்ளை. "நம்மாளுங்க எங்கப்பா?" என்று தேடினார். எதிரணிதான் தெரிந்தது, பந்து ஆரஞ்சு நிறத்தில் ஓடியது, நம் ஆட்களின் தலைமுடி மட்டும் அங்கங்கே மிதந்தது. கோல் கீப்பர் பச்சைச் சட்டையில் இருந்ததால் அவன் எந்தக் கட்சி என்பதில் ஒரு மாசம் சந்தேகம். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறியதும் அண்ணனுக்குத் தெரியவில்லை. நம் கோலில் நாமே அடித்துக்கொள்கிறோம் என்று நினைத்து நாற்பத்தைந்து நிமிஷம் நொந்துபோனார். கிறிஸ்துமஸை ஒட்டி ஒன்றரை மாசம் ஆட்டமே இல்லை. குளிர்கால லீவு என்று இசைப்பிரியா சொன்னாள். "ஒன்றர மாசம் வெளிய வர முடியாத குளுருல எம்பொண்ணு எப்டி டூட்டிக்குப் போவா?" என்று அதற்கும் குழம்பினார்.

கமென்ட்ரி ஜெர்மனில். "என்னா சொல்றான் ஜாஸ்பரு?" என்பார். நான் என்ன செய்ய? அவர் முகத்தைப் பார்த்தால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்லா ஆடுறாங்கன்னு சொல்றார்ண்ணே" என்று ஆரம்பித்தேன். அப்புறம் தைரியம் வந்துவிட்டது. "இந்த ஊர்ல பஸ்செல்லாம் டயத்துக்கு வரும்னு சொல்றார்." "ஆஸ்பத்திரி மைதானத்துக்குப் பக்கத்துலதானாம்." கால்பந்துக் கமென்ட்ரியில் ஆஸ்பத்திரி எதற்கு வருகிறது என்று அவர் கேட்கவே இல்லை. உள் அறையில் இசைப்பிரியா படித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எல்லாமே புரியும். கதவிடுக்கில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கூட்டத்தில் அண்ணன் ஒரு ஆளைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கார்னர் கொடிக்குப் பின்னால் நான்காவது வரிசையில் நம் நிறத்தில் ஒரு பெண், ஊதா நிறக் கோட்டு, தனியாக வருவாள், ஏதோ கொறித்துக்கொண்டே ஆட்டம் பார்ப்பாள், முடிந்ததும் தனியாகப் போவாள். கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் "வந்துட்டா, வந்துட்டா" என்று சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்படுவார். பிப்ரவரியில் ஒரு வாரம் அவள் வரவில்லை. மறுநாள் முதல் ஷிப்டில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். "ஒடம்பு சரியில்லாம இருக்கும்ண்ணே" என்றேன். "தனியா இருக்குற பொண்ணு ஒடம்பு சரியில்லன்னா யாருப்பா பாப்பா?" என்றார். அவர் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அடுத்த ஆட்டத்துக்கு அவள் வந்துவிட்டாள், நானே முதலில் பார்த்துக் கத்திவிட்டேன்.

இப்படியே மார்ச் கடைசி வந்துவிட்டது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. அண்ணன் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இசைப்பிரியா கேட்பதை நிறுத்திவிட்டாள். அவர் சொல்லாமல் அவள் போக மாட்டாள், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரே பிள்ளை. சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போனார். பங்குனி உத்திரத்துக்குப் பந்தல் போட்டு, தடுப்புக் கட்டி, காவடிக்காரர்கள் கூட்டம். சன்னதியில் நின்று பூ கட்டிப் பார்க்க யாரும் விடவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிரெப்பிட்ஸில் ஆட்டம் இருந்தது. வழக்கம்போல ஆறரைக்கு நான் போனேன். டிவியைப் போட்டால் திரையில் இரண்டு பட்டன்கள், இரண்டிலும் ஜெர்மன் எழுத்து. வழக்கமாக ஒன்றுதான் இருக்கும். அண்ணன் என்னைப் பார்த்தார். ஜெர்மன் தெரிந்தவன் நான்தானே, பெரிதாக இருந்ததை அமுக்கினேன். ஆட்டம் தொடங்கியது. எதிரணி சிவப்புச் சட்டை. அண்ணன் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை. ஊதாக் கோட்டைத் தேடவில்லை. முதல் தடவையாகப் பந்தைப் பார்த்தார். இருபதாவது நிமிஷம் வெள்ளை ஒரு கோல் அடித்தது. நான் கைதட்டினேன். அவர் முகம் தொங்கிப்போனது.

இடைவேளையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஜாஸ்பரு, யாரண்டையும் சொல்லாத. இதான் பூவு."

"எதுண்ணே?"

"இந்த ஆட்டம்தான். நேத்து கோயில்ல கட்ட முடியில. வூட்டுக்கு வந்து பாத்தா இன்னிக்கு வெள்ளையும் செவப்பும் ஆடுதுன்னு போட்டிருக்கான். முருகன் வேற எப்டிச் சொல்லுவான்? வெள்ள ஜெயிச்சா பாப்பா போவட்டும். செவப்பு ஜெயிச்சா வாணாம்."

"ரெண்டும் சமமா வந்துட்டா?"

அவர் அதை யோசிக்கவில்லை. வெலவெலத்துப்போய் என்னைப் பார்த்தார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது எனக்கு. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன்.

அண்ணி அடை ஊற்றிக்கொண்டிருந்தார். இசைப்பிரியா கையில் போன். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "அங்கிள், எந்த பட்டன அமுக்குனீங்க?"

"பெரிய பட்டன். ஏம்மா?"

"அது ஆரம்பத்துலேருந்து காட்டுற பட்டன். அங்க இன்னியிலேருந்து மணிய ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிட்டாங்க. வருஷா வருஷம் பண்ணுவாங்க. நமக்கு அஞ்சரைக்கே மேட்ச் ஆரம்பிச்சிருச்சு. இப்பதான் முடிஞ்சுது. ரெண்டுக்கு ஒண்ணு, தோத்துட்டாங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். "யாரண்டையும் சொல்லாத" என்று அவர் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவையும் கொட்டிவிட்டேன். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இசைப்பிரியா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைஃபைய அணைச்சிடட்டுமாம்மா? நெட் போயிடுச்சுன்னு சொல்லிடலாம். வெள்ளதான் ஜெயிச்சுதுன்னு நானே சொல்றன். நான் சொன்னா நம்புவார்" என்றேன்.

நான் சொன்னால் நம்புவார் என்பதுதான் கொடுமை. இசைப்பிரியா போனிலிருந்து கண்ணை எடுத்தாள். அப்புறம் "வாணாம் அங்கிள். முழுசா பாக்கட்டும்" என்றாள். போனை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் அப்பா பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தாள். நான்கு மாசத்தில் அவள் வந்து உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

அந்த இரண்டாவது பாதியை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. முடிவு தெரிந்த ஆட்டத்தை ஒருவர் சாமி கும்பிட்டுக்கொண்டே பார்க்கிறார், பக்கத்தில் அந்த முடிவு யார் தலையில் விழப்போகிறதோ அவள் தெரிந்தே உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவப்பு ஒரு கோல் அடித்தது. அண்ணன் "அப்பாடா" என்றார், மெதுவாக, தன்னை மீறி. உடனே பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒன்றுக்கு ஒன்று. மழை தூற ஆரம்பித்தது. கமென்ட்ரிக்காரர் ஏதோ சிரித்துக்கொண்டே சொன்னார். அண்ணன் பழக்கத்தில் என் பக்கம் திரும்பினார். எனக்கு அன்றைக்குப் பொய் வரவில்லை. இசைப்பிரியாதான் சொன்னாள். "ஆட்டம் முடிஞ்சு போறவங்க பாத்துப் போங்க, பாலத்துல வழுக்கும்னு சொல்றாருப்பா."

"நல்ல மனுசன்" என்றார் அண்ணன். நான் இத்தனை மாசம் அளந்ததில் இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். சாதாரணமான பந்துதான். பச்சைச் சட்டைக்காரன் குனிந்தான், கைக்கு வந்த பந்து நழுவி உள்ளே போய்விட்டது. அண்ணன் "டேய்!" என்று கத்திக்கொண்டு எழுந்து முன்னால் இருந்த ஸ்டூலை எட்டி உதைத்தார். ஸ்டூல் போய் ஷோகேஸில் மோதியது. கட்டை விரல் நகம் பெயர்ந்து ரத்தம். அவர் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டம் முடிகிற விசில் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "முடிஞ்சுது" என்றார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. மகள் கூடவே இருப்பாள் என்று சாமி சொன்னதைக் கேட்ட அப்பாவின் முகமாகவே அது இல்லை.

"அப்பா, இந்தப் பூவு செல்லாது" என்றாள் இசைப்பிரியா.

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. மேட்ச் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆவுது. அங்க இன்னிக்கு மணிய மாத்திட்டாங்க. நீ ஆரம்பத்துலேருந்து போட்டுப் பாத்துக்கினு இருந்த. உள்ள என்னா பூவுன்னு தெரிஞ்சவ பக்கத்துல இருந்தா செல்லாதுன்னு நீதான சொல்லுவ?"

"மணிய எப்டி பாப்பா மாத்துவாங்க? நாட்டுக்கேவா ஷிப்டு மாத்துறாங்க?" அவருக்கு எதை முதலில் புரிந்துகொள்வது என்று தெரியவில்லை. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. "தெரிஞ்சிக்கினு எதுக்கு வந்து ஒக்காந்த?"

"நீ எந்தக் கட்சின்னு பாக்கத்தான்."

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டாவது கோலு வுழுந்தப்ப ஸ்டூல ஒதச்சல்ல" என்றாள்.

"அது... அந்தப் பச்ச சட்டக்காரன் புடிச்சிருக்கலாம் பாப்பா. நேரா கைக்குத்தான வந்துச்சு" என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அம்மா செத்தபோதுகூட மாற்று ஆபரேட்டர் மாரியப்பன் டூட்டிக்கு வந்துவிட்டானா, மிஷினை யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். இசைப்பிரியா கீழே உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, நகத்தில் வந்த ரத்தத்தைத் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மகள் போக வேண்டும் என்ற ஆசையில்தான் ஸ்டூலை உதைத்தாரா, இல்லை கிரெப்பிட்ஸ் தோற்ற கோபத்தில் உதைத்தாரா? இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அவரையே கேட்டிருக்கிறேன். "தெரியில ஜாஸ்பரு. காலு ஒதச்சிடுச்சு" என்கிறார். ஆனால் அன்றைக்கு அவள் அவர் காலை மடியிலிருந்து இறக்காமலேயே "நாளைக்குக் கையெழுத்துப் போடட்டுமாப்பா?" என்று கேட்டபோது அவர் ஐந்து நிமிஷம் யோசிக்கவில்லை.

"போடு. போயி அந்த ஊதாக் கோட்டுப் பொண்ணு பக்கத்துல ஒக்காரு. ரெண்டு பேருமா வூட்டுக்குப் போங்க. பாலத்துல வழுக்குமாம்."

ஜூலையில் இசைப்பிரியா போனாள். ஊதாக் கோட்டுக்காரி பஸ் ஓட்டுகிறவளாம், பக்கத்துத் தெருவாம், சேர்ந்துதான் வீட்டுக்குப் போகிறார்களாம். ஆனால் ஆகஸ்டில் புது சீசன் தொடங்கியதிலிருந்து இசைப்பிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டியாகவே வந்தது. ஒரு ஆட்டத்துக்கும் தொடக்கத்திலிருந்து போக முடியவில்லை, டூட்டி முடிந்து கடைசிப் பாதிக்குப் போனாலும் கேமரா அவள் பக்கம் திரும்பவில்லை. அண்ணன் மட்டும் ஐந்தரைக்குத் தவறாமல் உட்கார்ந்தார். ஐந்தரை என்பதை நன்றாக மனப்பாடம் செய்துவிட்டார். கோடைக்கு ஐந்தரை, கோடைக்கு ஐந்தரை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அக்டோபர் கடைசி ஞாயிறு தனக்கு லீவு, கண்டிப்பாக மைதானத்துக்கு வருகிறேன் என்று அவள் போனில் சொன்னாள்.

அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி அவளுக்குப் பிடித்த அடையைச் சுட்டுத் தட்டில் வைத்திருந்தார், யார் சாப்பிடுவதற்கோ. ஐந்தரைக்கு அண்ணன் டிவியைப் போட்டார். காலி மைதானம். ஒரு ஈ காக்கை இல்லை. கோல் வலைகூடக் கட்டவில்லை. கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆட்டம் இல்லியா?" அண்ணன் ரிமோட்டைத் தட்டிப் பார்த்தார். "கேன்சலா ஜாஸ்பரு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மணியை மறுபடி மாற்றியிருப்பார்கள், இன்றைக்கு ஆறரைதான், நாம் ஒரு மணி நேரம் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டோம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேமரா, பந்து இல்லாத மைதானத்தில், தானாகவே இடது பக்கம் மெல்லத் திரும்பியது. கார்னர் கொடியைத் தாண்டி, நான்காவது வரிசைக்குப் போய் நின்றது, கிட்டே போனது. அத்தனை காலி இருக்கைகளுக்கு நடுவில் சிவப்புக் குல்லாவும் வெள்ளை மப்ளருமாக இசைப்பிரியா நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். மேஜையில் இருந்த போன் அடித்தது. அண்ணி எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, தெரியிறனா? கேமராக்காரர்ட்ட சொல்லி வச்சிருந்தேன். இன்னிக்கு இங்க மணிய பின்னாடி தள்ளிட்டாங்க. நீ கொழம்பிப் போயி ஒரு மணி நேரம் முன்னாடியே ஒக்காந்திருப்பன்னு தெரியும். அதான் நானும் அப்பவே வந்துட்டேன்."

அண்ணன் டிவிக்கு மிக அருகில் போய் நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, பழைய பழக்கத்தில், கேட்டார்.

"என்னா சொல்றா ஜாஸ்பரு?"

அவள் சுத்தமான தமிழில்தான் சொன்னாள். இருந்தாலும் நான் மொழிபெயர்த்தேன். இந்த ஒரு தடவை பொய் கலக்கவில்லை.

"உங்களப் பாக்க வந்திருக்கன்னு சொல்றாண்ணே."